வரவேற்பறையில் பெரியம்மா

எங்கள் ஆய்வு நிறுவனத்தில் சனிக்கிழமை மதியம் முதல் திங்கட்கிழமை காலை வரை எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. விதியில் இப்படியே எழுதியிருக்கவில்லை. 'மின்சிக்கனத்தின் பொருட்டு ஆய்வகங்களின் மின் இணைப்பு வார இறுதியில் துண்டிக்கப்படும்' என்றுதான் இருந்தது. கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த விதி வந்ததே பவளங்களைக் காப்பாற்றத்தான். நான் கிண்டல் செய்யவில்லை. கடல் சூடாகிறது, பவளங்கள் சாகின்றன, ஆகையால் மின்சாரத்தைச் சேமிப்போம் என்று இயக்குநர் ஒருநாள் முடிவெடுத்தார். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் பெரிய சுவரொட்டி ஒட்டினார்கள். அதில் ஒரு பவளத்தின் படம். 'எனக்காக சுவிட்சை அணையுங்கள்' என்று அது கெஞ்சுகிறது. படத்தில் இருப்பது என் பவளம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்திருக்கிறார்கள். போகட்டும், படத்திலாவது நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

பவளம் என்றால் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வரப்போகிற பெரிய மனிதர்களைப் போல நீங்களும் குழம்புவீர்கள். முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பது நான்தான். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். பவளம் ஒரு விலங்கு. குட்டிக் குட்டி வாய்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழும் பெரிய கூட்டுக்குடும்பம். அந்த உடம்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தில் சமைக்கும். சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடும். வீட்டுக்காரர் இடம் கொடுப்பார், தன் கழிவை உரமாகக் கொடுப்பார். பவளத்தின் பழுப்பு நிறம் உண்மையில் பாசியின் நிறம். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் சூடானால் இருவருக்கும் ஒத்துப்போகாது. பவளம் பாசியை வெளியே துரத்திவிட்டு வெள்ளை வெளேர் என்று நிற்கும். உடனே சாகாது, பட்டினி கிடக்கும். சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கதை முடிந்தது. எந்தச் சூட்டில் சண்டை ஆரம்பிக்கிறது, முதலில் வாயைத் திறப்பது யார் என்பதுதான் என் ஆராய்ச்சி.

என் சோதனைத் துண்டுகள் எல்லாம் ஒரே தாய்ப்பவளத்திலிருந்து வெட்டி வளர்த்தவை. காலிஃபிளவர் அளவுக்கு, பழுப்பாக, கொஞ்சம் சிடுசிடுப்பாக இருக்கும். அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தேன். அது போனால் என் பட்டமும் போனது. இதே உடம்பு வேறெங்கும் கிடைக்காது. பட்டத்தை விடுங்கள், அது போனால் எனக்குத் தாங்காது.

"என் அக்கா பேர போய் ஒரு கல்லுக்கு வச்சிருக்கியேடி" என்று தொலைபேசியில் அம்மா சண்டைக்கு வந்தார்.

"கல்லு இல்லம்மா. உக்காந்த எடத்த விட்டு அசையாது, ஆனா மொத்தக் குடும்பமும் அதச் சுத்தித்தான் நடக்கும். வேற என்ன பேரு வைக்கறது?"

அம்மா யோசித்துவிட்டுச் சமாதானமானார். அதன்பிறகு வாரம் ஒருமுறை, "உன் பெரியம்மா சாப்பிட்டாளா? நீ சாப்பிட்டியா? எப்ப முடிப்ப?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பார்.

விதி வந்த முதல் திங்கட்கிழமை காலையில் ஆய்வகத்தைத் திறந்தேன். குளிர்விக்கும் இயந்திரம் செத்துக் கிடந்தது. விளக்கு இல்லை, பம்பு இல்லை. தட்டில் வரிசையாக வைத்திருந்த துண்டுகள் எல்லாம் வெளுத்துவிட்டிருந்தன. பெரியம்மாவின் தொட்டி பெரியது, தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். அதனால் அது மட்டும் பழுப்பாகவே இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து ஆய்வகத்துக் கொசு வந்து நின்றான். கொசுக்களை ஆராய்கிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். மின்சாரம் நின்றால் அறை புழுங்கும், கொசு செழிக்கும். புது விதியால் பலனடைந்த ஒரே ஆராய்ச்சியாளன் அவன்தான்.

"அழுது என்ன ஆகப் போவுது? போய் பதிவாளரப் பாரு" என்றான்.

அதற்கு முன் என் வழிகாட்டியைப் பார்ப்பதுதான் மரியாதை என்று போனேன். அவரை எல்லோரும் அப்புறம் சார் என்பார்கள். எதைச் சொன்னாலும் "அப்புறம் பாக்கலாம்" என்பார். ஆய்வகத்துக்குள் அவர் கால் வைத்து வருடக்கணக்கில் ஆகிறது. அன்று பெட்டியோடு ஒரு மாநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், பவளம் எல்லாம் வெளுத்துப் போச்சு."

"நல்லது, நல்லது. அப்புறம் பாக்கலாம்" என்று காரில் ஏறினார்.

பதிவாளர் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். அது அவருடைய பெருந்தன்மை. கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"உயிருள்ள பொருளுக்கு விதிவிலக்கு உண்டும்மா. நாங்க என்ன கல்நெஞ்சக்காரங்களா? இது செடியா, விலங்கா?"

"விலங்கு சார். உள்ள பாசி இருக்கு. அடியில அதுவே கட்டிக்கிட்ட கல்லு."

"ஏதாவது ஒண்ணச் சொல்லும்மா."

"மூணும்தான் சார்."

"அப்ப மூணு துறைத் தலைவர்கிட்டயும் சம்மதம் வாங்கிட்டு வா. ஒருத்தர விட்டுட்டாக்கூட அவங்க மனசு புண்படும்."

விலங்கியல் தலைவர் வாழ்நாள் முழுக்க யானைகளைப் பற்றியே பாடம் நடத்தியவர். என் பவளத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓடுமா?"

"ஓடாது சார்."

"கூப்பிட்டா திரும்பிப் பாக்குமா?"

"கண்ணு கிடையாது சார்."

"அப்ப இத விலங்குன்னு நான் எப்படிம்மா மனசாட்சியோட சொல்றது? அதுவும் உள்ள பாசி இருக்குங்கற. விலங்குக்குள்ள பாசி பிடிச்சா அதுக்குப் பேரு நோய். மொதல்ல வைத்தியம் பாத்து பாசிய எடு. வெறும் விலங்கா கொண்டு வா, நான் பெரிய மனசு பண்றேன்."

தாவரவியல் தலைவி அதைவிட உணர்ச்சிவசப்பட்டார். "எங்க பாசிய அந்த விலங்கு உள்ள பூட்டி வச்சிருக்கா? அது சமைக்கறத இது சாப்பிடுதா? கேக்க நாதியில்லன்னு நெனச்சுதா? அந்தப் பாசி மனசார இருக்கான்னு யாராவது கேட்டீங்களா?"

"அதுக்கு வாய் இல்ல மேடம்."

"வாயில்லாதவங்கன்னா இப்படித்தான் நடத்துவீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாசியை விடுவிக்கும்வரை சம்மதம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

நிலவியல் தலைவர் மட்டும் தங்கமான மனிதர். போன உடனே கையெழுத்துப் போட்டார். "கல்லுதான? தாராளமா எங்க துறையில சேத்துக்கலாம்" என்றார். கையெழுத்துக்கு மேலே ஒரு வரியும் எழுதினார்: 'கல்லுக்கு மின்சாரம் தேவையில்லை.' மூன்று துறைகளில் எழுத்துப்பூர்வமாகக் கிடைத்த கருத்து அது ஒன்றுதான் என்பதால் பதிவாளர் அதையே ஏற்றுக்கொண்டார்.

அடுத்து வந்தது தூய்மை ஆய்வு. இயக்குநர் பரிவாரத்தோடு ஆய்வகம் ஆய்வகமாக வந்தார். கொசுவின் அறையில் கொசு இருக்கிறது என்று கண்டித்துவிட்டு என் அறைக்குள் நுழைந்தார். தட்டில் வெளுத்துக் கிடந்த துண்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாருங்க, பாருங்க! பளிச்சுன்னு பல்லு மாதிரி வச்சிருக்கா. இதுதான் ஆய்வகம்."

"சார், அதெல்லாம் சாகக் கிடக்குது" என்றேன்.

"தன்னடக்கம்" என்று பதிவாளரிடம் சொன்னார். பிறகு பெரிய தொட்டிக்கு வந்தார். பெரியம்மா பழுப்பாக உட்கார்ந்திருந்தது. இயக்குநரின் மூக்கு சுருங்கியது.

"இத மட்டும் ஏம்மா தேய்க்காம விட்ட? அழுக்கு அப்பியிருக்கு பாரு."

"அது அழுக்கு இல்ல சார், அதோட பாசி. அது இருந்தாத்தான் உயிர்."

"பாசின்னு நீயே சொல்ற. எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியிலகூடப் பாசி வரும். நாங்க விட்டுடறோமா? அடுத்த ஆய்வுக்குள்ள இதுவும் அது மாதிரி வெளுப்பா இருக்கணும். பிளீச்சிங் பவுடர் வேணும்னா பண்டகசாலையில வாங்கிக்க, நான் சொன்னேன்னு சொல்லு."

அன்று மாலை பிளீச்சிங் பவுடர் வந்து சேர்ந்தது. கேட்டு அலைந்த விளக்கு வரவில்லை, பம்பு வரவில்லை, கேட்காத பவுடர் மூட்டையாக வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மூட்டையை ஓர் உதை விட்டேன். கால்தான் வலித்தது.

"இந்தக் கட்டடத்துல சனி ஞாயிறு கரண்ட் இருக்கற எடமே இல்லையா?" என்று கொசுவிடம் கேட்டேன்.

"இருக்கே. இயக்குநரோட வரவேற்பறை. விருந்தாளி எப்ப வருவாங்கன்னு தெரியாதுல்ல, அங்க மட்டும் நிறுத்த மாட்டாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வரவேற்பறையில் சோபாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. எவரோ அன்பளிப்பாகத் தந்தது. அதில் நல்ல கடல்நீர், ஆரஞ்சு நிற மீன்கள், அற்புதமான விளக்கு, சத்தமே போடாத குளிர்விக்கும் இயந்திரம். நான் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்ட பொருள்கள் அத்தனையும் அங்கே மீன்களுக்கு நடுவில் நின்ற ஒரு பிளாஸ்டிக் பவளத்துக்குக் காவல் இருந்தன. ஊதா நிறத்தில், மினுமினுப்பாக, கடையில் வாங்கிய பவளம்.

ஆட்கள் எல்லோரும் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மதிய வேளையில் வாளியோடு போனோம். வரவேற்பாளர் எங்களைப் பார்த்து, "தொட்டி கழுவவா?" என்றார். "ஆமா" என்றான் கொசு. பெரியம்மா அங்கே போனது. பிளாஸ்டிக் என் தொட்டிக்கு வந்தது. பெரியம்மாவை மீன்கள் சுற்றிச் சுற்றி வந்து விசாரித்தன. அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பாடம்தான் சங்கடமாக இருந்தது. செய்முறை வகுப்புக்கு வந்த முதலாண்டு மாணவர்கள் வழக்கம்போல லென்ஸை எடுத்துக்கொண்டு தொட்டியைச் சூழ்ந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண், எதையும் விடாமல் பார்க்கிறவள், கையை உள்ளே விட்டு அடியைத் தடவிப் பார்த்தாள்.

"மேடம், இதுல வாய் ஒண்ணுகூட இல்ல. ஆனா அடியில எழுத்து இருக்கு. 'சுடுதண்ணீரில் கழுவலாம்'னு போட்டிருக்கு."

ஊருக்கெல்லாம் டிமிக்கி கொடுக்கலாம், படிக்க வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. நடந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து வகுப்பு வரவேற்பறையில் நடந்தது. மாணவர்கள் சோபாவில் முட்டிபோட்டு, லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு, குட்டி வாய்கள் விரிவதைப் பார்த்தார்கள். இயக்குநரைப் பார்க்க வந்த விருந்தாளிகள் நின்றுகொண்டிருந்தார்கள். இவ்வளவு இளைஞர்கள் தன்னைப் பார்க்கக் காத்திருக்கிறார்களே என்று இயக்குநருக்கு உள்ளூரச் சந்தோஷம். எல்லோருக்கும் தேநீர் கொடுக்கச் சொன்னார்.

இப்படியே ஓடியிருக்கும். அப்புறம் சார் ஆய்வகத்துக்குள் வந்துவிட்டார். ஏன் வந்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. கழிவறை என்று நினைத்துத் திறந்ததாகக் கொசு சொல்கிறான். அன்று திங்கட்கிழமை. அறை அடுப்பாக இருந்தது. தொட்டித் தண்ணீரில் கையை விட்டவர் சட்டென்று எடுத்தார். பிறகு ஊதா நிறத்தில் ஜொலித்த பவளத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு சூட்டுலயா இது நிறம் மாறாம இருக்கு?"

"சார், அது வந்து..."

"முன்னாடி பழுப்பா இருந்தது இதானே?"

"பழுப்பா இருந்தது வேற சார். இது..."

"வேற பாசி! சூட்டுல பழைய பாசிய துரத்திட்டு ஊதாப் பாசிய சேத்திருக்கு! அடடா!"

"சார், இது பிளாஸ்..."

"அப்புறம், அப்புறம். எல்லாத்தையும் அப்புறம் பேசலாம்" என்று என்னைக் கட்டிப் பிடிக்காத குறையாக ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. விரட்டிப் போய், அடியில் உள்ள எழுத்தைப் பற்றியும் சொன்னேன். "பாத்தியா? சுடுதண்ணி தாங்கும்னு அதுலயே எழுதியிருக்கு. இதவிட வேற என்ன ஆதாரம் வேணும்?" என்றார்.

மறுவாரம் பத்திரிகையாளர் கூட்டம். மேடையில் கண்ணாடிக் கிண்ணத்தில் பிளாஸ்டிக் பவளம், கழுத்தில்லாததால் காலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். இயக்குநர் பேசினார். அவருடைய பேச்சை மாணவர்கள் இன்னமும் ஒப்பிப்பார்கள்.

"நண்பர்களே! இந்தப் பவளம் நம் நிறுவனத்தின் அடையாளம். எவ்வளவு சூடு வந்தாலும் இது நிறம் மாறாது. எதையும் வெளியே விடாது, எதையும் உள்ளேயும் வாங்காது. நேற்று இருந்த மாதிரியே இன்று இருக்கிறது, நாளையும் இருக்கும். நாமும் அப்படித்தான்! கூட்டுயிர் வாழ்க்கை என்கிறார்கள். அது என்ன? உள்ளே இருக்கும் பாசி வெளியே தெரியாமல் உழைக்கிறது. பவளம் பேர் வாங்குகிறது. நம் ஆராய்ச்சி மாணவர்களும் பேராசிரியர்களும் இதைத்தானே காலங்காலமாகச் செய்துவருகிறோம்? சூடு அதிகமானால் பாசியை வெளியே அனுப்புகிறோம். அதில் வருத்தம் ஒன்றுமில்லை, அது இயற்கை!"

கைத்தட்டல் அடங்க வெகு நேரமானது. பேராசிரியர்கள்தான் அதிகம் தட்டினார்கள். அப்புறம் சார் எழுந்து நின்று வணங்கினார்.

"இத்தகைய பவளம் ஆய்வகத்தில் கிடக்கலாமா? இன்றே இதை என் வரவேற்பறைத் தொட்டிக்கு மாற்ற உத்தரவிடுகிறேன். அங்கே பழுப்பாக ஏதோ ஒன்று இருக்கிறதாம். அதைத் தூக்கி எறிந்துவிட்டு இதை வையுங்கள்!"

வரவேற்பறை பக்கத்துக் கூடம்தான், கதவு திறந்திருந்தது. துப்புரவுப் பணியாளர் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விடுவது எனக்குத் தெரிந்தது. பெரியம்மாவின் வாய்கள் அத்தனையும் ஒரே நொடியில் மூடியிருக்கும். பட்டம், வழிகாட்டி, மேடை நாகரிகம் எல்லாம் பறந்துபோனது.

"தொடாதீங்க! அதுதான் உயிர்! மேடையில இருக்கறது பிளாஸ்டிக்!" என்று கத்தினேன்.

இயக்குநர் சிரித்தார். பத்திரிகையாளர்கள் பேனாவை எடுத்தார்கள். அவர் சிரிப்பை நிறுத்தினார். ஐந்து நிமிடத்தில் நான் அவருடைய அறையில் நின்றுகொண்டிருந்தேன். கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"உக்காரும்மா. அது பிளாஸ்டிக்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? என் மனைவி போய் வாங்கிட்டு வந்தது. வருஷக்கணக்கா என் வாசல்ல இருக்கு."

"தெரிஞ்சே எப்படி சார்..."

"பின்ன? உயிரோட இருக்கறத நம்பி ஒரு நிறுவனத்த நடத்த முடியுமா? அது எப்ப வேணா சாகும். செத்தா நமக்குக் கெட்ட பேரு. பிளாஸ்டிக் என்னிக்காவது கெட்ட பேரு வாங்கிக் குடுத்திருக்கா? நீ கம்முனு இருந்திருந்தா இந்நேரம் உனக்குப் பட்டமே குடுத்திருப்பேன். இப்ப பத்திரிகைக்காரன் கேட்டுட்டான். இனி உண்மை வெளிய வரக் கூடாதுன்னா ஒரே வழிதான்."

"என்ன சார்?"

"விசாரணைக் குழு."

குழுவின் தலைவராக ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர் ஒருவரைப் போட்டார்கள். பவளத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் ஒருதலைப்பட்சமாக இருப்பார்கள் என்பதால் தெரியாதவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். நிலவியல் தலைவர் உறுப்பினர். தாவரவியல் தலைவி பாசியின் சார்பில். அப்புறம் சார் முதல் சாட்சி. "நான் எதையுமே பாக்கல. அப்புறம் பாக்கலாம்னுதான் சொன்னேன், கேட்டவங்க நூறு பேர் இருக்காங்க" என்று தப்பித்துக்கொண்டார். குற்றம்சாட்டப்பட்டவள் நான். விசாரணை முடியும்வரை என் ஆய்வேட்டைத் தரக் கூடாது என்றார்கள். மூன்று வருட உழைப்பு அந்தரத்தில் தொங்கியது. வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை பதிவாளரின் உத்தரவு ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு தொட்டிகளும் சாட்சிப் பொருள்கள்; பழுப்பு வரவேற்பறையிலேயே இருக்க வேண்டும், மேடையில் இருந்தது ஆய்வகத் தொட்டிக்கே திரும்ப வேண்டும். எது உயிருள்ளது, எது பிளாஸ்டிக் என்று குழு முடிவு செய்யும்வரை இரண்டிலும் தண்ணீர், வெளிச்சம், குளிர்ச்சி எதுவும் இம்மியும் மாறக் கூடாது. இரண்டும் ஒரே நிலையில் இருந்தால்தான் நியாயம் என்பதால் ஆய்வகத் தொட்டிக்கும் புது விளக்கு, புது பம்பு, சத்தமே போடாத குளிர்விக்கும் இயந்திரம். சனி ஞாயிறு உட்பட மின்சாரம் நிற்கக் கூடாது. நின்றால் சாட்சியைக் கலைத்த குற்றம். இரண்டு இடத்திலும் காவலாளி.

நான் அந்த உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கொசு எட்டிப் பார்த்தான். "நீ கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டதெல்லாம் குற்றவாளி ஆனதும் குடுத்துட்டாங்களே" என்றான்.

வெளுத்த துண்டுகளின் தட்டை நான் பிளாஸ்டிக்கின் தொட்டிக்குள்ளேயே ஓரமாக வைத்திருந்தேன். அதுவும் சாட்சிப் பொருளோடு சேர்ந்து சீல் வைக்கப்பட்டுவிட்டது. சில வாரம் கழித்துக் காவலாளியின் அனுமதியோடு லென்ஸ் வழியாகப் பார்த்தேன். துண்டுகள் சிலவற்றின் ஓரத்தில் லேசாகப் பழுப்பு. பாசி திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் அழுதேன். காவலாளி பயந்துபோய், "சாட்சி மேல கண்ணீர் விழாம பாத்துக்கங்க மேடம்" என்றார்.

பெரியம்மாவோ பெருத்துக்கொண்டே போனது. வரவேற்பறையில் காவலாளியின் கண்காணிப்பில் வகுப்பு நடந்தது. முன்வரிசைப் பெண் புதிதாக முளைத்த கிளையைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டினாள். குழு கூடியது, கலைந்தது, கூடியது. பிளாஸ்டிக் வளரவில்லை என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார். அது அதன் சுபாவமாக இருக்கலாம் என்றார் இன்னொருவர்.

கடைசியில் தலைவருக்குச் சலித்துவிட்டது. ஒரு கூட்டத்தில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர், குரலில் பாசமும் இருந்தது.

"சந்தோஷமான சேதிம்மா. எல்லாம் முடிஞ்சது. ஊதா நிறத்துல இருக்கறது பிளாஸ்டிக்தான்னு நாங்க ஒருமனதா முடிவுக்கு வந்துட்டோம். அடுத்த வாரம் அறிக்கை. உன் பேர்ல தப்பு இல்ல. ஆய்வேட்ட குடுத்துட்டு பட்டத்த வாங்கிக்கலாம்."

எனக்குக் கண் கலங்கியது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

"அறிக்கை வந்ததும் காவல எடுத்துடுவாங்க. கரண்ட் பழையபடி சனிக்கிழமை நின்னுடும். வரவேற்பறைக்குப் புதுசா ஒரு பிளாஸ்டிக் வருது, அதனால அந்தப் பழுப்பு உருப்படிய எடுத்துடச் சொல்லியாச்சு. உனக்கு இனிமே எந்தத் தொந்தரவும் இல்ல."

திறந்த வாய் அப்படியே நின்றது. கதவுக்கு அப்பால் தொட்டி தெரிந்தது. விளக்கின் கீழே பெரியம்மா அத்தனை வாய்களையும் விரித்து உட்கார்ந்திருந்தது. பின்னால் ஆரஞ்சு மீன்கள் போய் வந்தன. எனக்கு வேண்டிய பட்டம் மேஜைக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மூன்று வருடம் இவர்களோடு குப்பை கொட்டியிருக்கிறேன், ஒன்றும் கற்றுக்கொள்ளாமலா இருப்பேன்?

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம்" என்றேன்.

"சொல்லும்மா."

"பவளத்த மாத்தினப்ப அந்த மீனுங்க அங்கதான் இருந்துச்சு. கண்ணால பாத்த சாட்சி அதுங்கதான். அதுங்கள விசாரிக்காம அறிக்கை குடுத்தா, நாளைக்கு யாராவது குழுவ ஒருதலைப்பட்சம்னு சொல்லிட மாட்டாங்களா?"

நிலவியல் தலைவர் மெதுவாகத் தலையாட்டினார். தாவரவியல் தலைவி, "வாயில்லாத ஜீவன்னு விட்டுட்டோமே" என்று நெஞ்சில் கை வைத்தார். தலைவர் அறிக்கையை மூடினார்.

"நியாயமான கேள்வி. மீன் பாஷை தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"தெரிஞ்சவங்க ஒருதலைப்பட்சமா இருப்பாங்க ஐயா" என்றேன்.

"ஆமா, ஆமா. அப்ப தெரியாதவங்கள வச்சு ஒரு துணைக்குழு போடுவோம்."

அது போட்டு வெகுநாளாகிறது. துணைக்குழு இன்னும் முதல் மீனையே அடையாளம் காணவில்லை. எல்லா மீனும் ஒரே மாதிரி இருக்கிறதாம். துண்டுகள் முழுக்கப் பழுப்பாகிவிட்டன. போன வாரம் அம்மா தொலைபேசியில் வழக்கம்போல மூன்றையும் கேட்டார்.

"பெரியம்மா சாப்பிட்டாம்மா. நானும் சாப்பிட்டேன்."

"மூணாவதுக்குப் பதில் சொல்லுடி. எப்பதான் முடிப்ப?"

தொட்டியைப் பார்த்தேன். பெரியம்மாவுக்குப் பக்கத்துக் கல்லில் மீன் முட்டை இட்டிருந்தது. நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு குட்டிக் கண்கள். அத்தனை பேரையும் விசாரித்தாக வேண்டும்.

"அப்புறம்மா, அப்புறம்" என்றேன்.